உயிர்நிலைக்குப் பாயும் ரத்தம்

பாகூர் கொம்யூனில் தென்பெண்ணையாற்றின் கரையோரம் அமைந்த குருவிநத்தம் போன்ற ஓர் ஊரில், பொழுது விடியுமுன் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்த பெரியவர் ஒருவர், திடீரென்று தலை கிறுகிறுத்து, நின்ற நிலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாந்தியெடுத்து, நிற்காத விக்கலோடு திண்ணையில் படுத்துவிட்டாரென்றால், வீட்டார் முதலில் சொல்லும் வார்த்தை பித்தம் என்பதாகவே இருக்கும். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பார்கள். இஞ்சி தட்டிக் கஷாயம் வைப்பார்கள். கைகால் இழுத்துக்கொள்ளவில்லை, வாய் கோணவில்லை, ஆகையால் இது பக்கவாதம் அன்று என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்வார்கள். தலைசுற்றலில் பெரும்பாலானவை அபாயமற்றவை என்பதால் அந்தத் தைரியம் பல சமயங்களில் நியாயமாகவே முடிகிறது. ஆனால் சில சமயங்களில் அதே தலைசுற்றலும் தள்ளாட்டமும் விக்கலும், உயிரின் ஆதாரமான மூளைத்தண்டுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளுள் ஒன்று அடைபட்டுவிட்டதை அறிவிக்கும் முதல் அடையாளங்களாக இருக்கின்றன. அத்தமனிகள் எங்கே பிறக்கின்றன, எவ்வழியே செல்கின்றன, எந்தெந்த இடத்துக்கு ரத்தம் ஊட்டுகின்றன என்பதை வைத்தியர்கள் மட்டும் அறிந்திருந்தால் போதாது. நோயாளியை முதலில் காண்பவர்கள் வீட்டாரே ஆதலால், அந்த அறிவின் சாரம் அவர்களுக்கும் எட்டியாக வேண்டும்.

மூளைத்தண்டு என்பது பெருமூளைக்குக் கீழே, சிறுமூளைக்கு முன்னே, தண்டுவடத்தின் தலைப்பில் நிற்கும் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பாகம். மேலிருந்து கீழாக அதை நடுமூளை, பான்ஸ், முகுளம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வது சாஸ்திர வழக்கம். நினைவும் கற்பனையும் பேச்சும் பெருமூளையைச் சேர்ந்தவை என்றாலும், அந்தப் பெருமூளையை விழிப்போடு வைத்திருக்கும் நரம்பு வலை இந்தத் தண்டிலிருந்துதான் கிளம்புகிறது. சுவாசத்தின் தாளத்தை நிர்ணயிப்பதும், ரத்த அழுத்தத்தையும் இருதயத் துடிப்பையும் க்ஷணந்தோறும் சீர்செய்வதும், உணவை விழுங்குவிப்பதும், இருமச் செய்வதும், இரு கண்களையும் ஒரே திசையில் திருப்புவதும் அதன் காரியங்களே. மூளையிலிருந்து நேரே புறப்படும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் பத்து ஜோடி இதனோடு சம்பந்தப்பட்டவை. பெருமூளையிலிருந்து கைகால்களுக்கு இறங்கும் கட்டளைகளும், தேகமெங்குமிருந்து மேலேறும் உணர்ச்சிகளும் இந்த ஒடுக்கமான இடத்தின் வழியாகவே போய்வர வேண்டியிருக்கின்றன. பெருமூளையில் ஒரு சென்டிமீட்டர் இடம் கெட்டுப்போனாலும் சிலருக்கு எந்தக் குறையும் வெளியே தெரியாமல் போகக்கூடும். இங்கோ, அதே அளவு இடம் கெட்டால் பேச்சு, பார்வை, நடை, சுவாசம் ஆகிய அனைத்தும் ஆட்டங்கண்டுவிடும்.

இரு தமனிகளின் பிரயாணம்

சுமார் 1,400 கிராம் எடையுள்ள மனித மூளை தேகத்தின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே ஆயினும், இருதயம் வெளியேற்றும் ரத்தத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கையும், தேகம் செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கையும் அது தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. அந்த ரத்தத்தை நான்கு தமனிகள் கொண்டுவருகின்றன. கழுத்தின் முன்பக்கத்தில், விரல் வைத்துப் பார்த்தால் துடிப்புத் தெரியும் கரோட்டிட் தமனிகள் இரண்டும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைப் பெருமூளைக்குக் கொடுக்கின்றன. எஞ்சிய ஒரு பங்கைக் கழுத்தெலும்புகளுக்குள் மறைந்து ஏறும் முள்ளெலும்புத் தமனிகள் இரண்டும் கொண்டுவருகின்றன. அளவில் சிறிதாயினும் மூளைத்தண்டு முழுவதும், சிறுமூளை முழுவதும், பார்வைக்குரிய பெருமூளையின் பின்பகுதியும் இந்த ஒரு பங்கை நம்பியே உயிர்வாழ்கின்றன.

முள்ளெலும்புத் தமனிகளின் பாதை விசித்திரமானது. தோள்பட்டையின் அருகே, கைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனியிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இவை கிளைக்கின்றன. கழுத்திலுள்ள ஏழு எலும்புகளிலும் இருபுறமும் துவாரங்கள் இருக்கின்றன. மேலிருந்து எண்ணினால் ஏழாவதான எலும்பின் துவாரத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, ஆறாவதன் துவாரத்தில் நுழையும் தமனி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய துவாரங்களின் வழியே மேலேறி, மண்டையைத் தாங்கும் முதல் எலும்பை அடைந்ததும் பின்பக்கமாக வளைந்து, அதன் மேல் கிடையாக ஓடி, மூளையுறையைத் துளைத்துக்கொண்டு கபாலத்தின் அடியிலுள்ள பெருந்துவாரத்தினூடே உள்ளே புகுகிறது. தலையை இடமும் வலமும் திருப்பும்போது தமனி இழுபட்டு அறுந்துவிடாதபடி அந்த வளைவு இடங்கொடுக்கிறது. ஆயினும் அளவுக்கு மீறிய திருப்பத்தை அது தாங்குவதில்லை. முடி வெட்டிய பிறகு தலையைப் பற்றிச் சடக்கென்று திருப்பிக் கழுத்தில் நெட்டி எடுக்கும் பழக்கம் நம் ஊர்க் கடைகளில் இன்னும் இருக்கிறது. அந்தத் திருப்பத்தில் தமனியின் உட்சுவர் கிழிந்து, கிழிசலுக்குள் ரத்தம் புகுந்து, உறைந்து, பாதையை அடைத்துவிடுவதுண்டு. நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வரும் பக்கவாதத்தில் கழுத்துத் தமனிகளின் இத்தகைய கிழிசல் ஒரு முக்கியமான காரணம் என்பதை அறிந்தவர் எவரும் தம் கழுத்தை அப்படி ஒருவர் கையில் ஒப்படைக்கமாட்டார்.

இரண்டு தமனிகளும் எல்லோருக்கும் சமமாக அமைவதில்லை. இடப்பக்கத்தது பெருத்தும் வலப்பக்கத்தது சிறுத்தும் இருப்பது சகஜம். நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்கு இடப்பக்கத் தமனி இருதயத்தின் மேலுள்ள மகாதமனியிலிருந்தே நேராகப் புறப்படுகிறது. கபாலத்துக்குள் நுழைந்தபின் முகுளத்தின் இரு பக்கங்களிலும் சாய்வாக ஏறிவரும் இவை, வழியில் இரண்டு முக்கியமான கிளைகளைத் தருகின்றன. ஒன்று, இரு பக்கத்தாரும் ஆளுக்கொரு கிளை கொடுத்து நடுவில் ஒன்றாக்கும் முன்தண்டுவடத் தமனி. முகுளத்தின் நடுப்பகுதிக்கு ரத்தம் ஊட்டிவிட்டு அது தண்டுவடத்தின்மேல் இறங்கிப்போகிறது. மற்றொன்று, மருத்துவர்கள் சுருக்கமாகப் பைக்கா என்று சொல்லும் கீழ்ப்பின் சிறுமூளைத் தமனி. இதுவே முள்ளெலும்புத் தமனியின் கிளைகளில் பெரியது. முகுளத்தின் பக்கவாட்டைச் சுற்றிப் பின்னே போய்ச் சிறுமூளையின் அடிப்பகுதியை அடைவது அது.

முகுளம் முடிந்து பான்ஸ் தொடங்கும் எல்லையில் இரண்டு தமனிகளும் கூடி ஒன்றாகின்றன. இரண்டு தமனிகள் சேர்ந்து ஒரே தமனியாவது மனித தேகத்தில் மிக அபூர்வமான ஏற்பாடு. பேசிலர் என்று வைத்திய உலகம் அழைக்கும் இந்த அடித்தமனி, சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளமும் மூன்று நான்கு மில்லிமீட்டர் குறுக்களவும் கொண்டு, பான்ஸின் முன்முகத்திலுள்ள பள்ளத்தில் படிந்து மேலேறுகிறது. கீழ்ப்பாதியில் அது தரும் கீழ்முன் சிறுமூளைத் தமனியிலிருந்தே பெரும்பாலும் உட்செவிக்குரிய நுண்தமனி புறப்படுகிறது. ஆகையால்தான் இந்த இடத்தில் அடைப்பு வந்தால் தலைசுற்றலோடு ஒரு காது திடீரென்று கேளாமலும் போகக்கூடும். மேலே போகப் போக, பான்ஸுக்குள் நுழையும் சிறு கிளைகளைப் பலவாகத் தந்து, உச்சியை நெருங்கியதும் மேல்சிறுமூளைத் தமனிகளை இருபுறமும் விட்டு, நடுமூளையின் எல்லையில் இரண்டு பின்மூளைத் தமனிகளாகப் பிரிந்து முடிகிறது. இமையைத் தூக்குவதும் கருவிழியைச் சுருக்குவதுமான மூன்றாம் நரம்பு, மேல்சிறுமூளைத் தமனிக்கும் பின்மூளைத் தமனிக்கும் இடையேதான் வெளிவருகிறது. அங்கே ஒரு தமனிச்சுவர் பலவீனப்பட்டுப் புடைத்துக்கொண்டால், இமை சரிந்து கருவிழி விரிவது அதன் அடையாளமாகிவிடும்.

பின்மூளைத் தமனிகள், முன்னிருந்து வரும் கரோட்டிட் தமனிகளோடு மெல்லிய இணைப்புகளால் சேர்ந்து மூளையின் அடியில் ஒரு வளையத்தை உண்டாக்குகின்றன. இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் என்ற வைத்தியர் 1664-இல் வெளியிட்ட மூளை பற்றிய நூலில் அந்த வளையத்தைத் தெளிவாக விவரித்தார். லண்டனின் புனித பால் பேராலயத்தைப் பின்னாளில் கட்டிய கிறிஸ்டோபர் ரென் அந்த நூலுக்குச் சித்திரங்கள் வரைந்தார். ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழி ரத்தம் கொடுக்கும் என்ற உண்மையை வில்லிஸ் உணர்ந்திருந்தார். ஆனால் அந்த வளையம் முழுமையாக அமைந்தவர்கள் எல்லோரும் அல்லர். இணைப்புத் தமனி மயிரிழையாக இருப்பவர்களும், ஒரு பக்கத்தில் அது இல்லாதவர்களும் ஏராளம். ஒரே இடத்தில் ஒரே அளவு அடைப்பு வந்த இருவரில் ஒருவர் எழுந்து நடப்பதற்கும் மற்றவர் மாண்டுபோவதற்கும் இந்தப் பிறவி வேற்றுமையும் ஒரு காரணம்.

மூன்று வகைக் கிளைகள்

பெரிய தமனிகள் மூளைத்தண்டின் மேற்பரப்பில் ஓடுபவை; தண்டின் உட்பகுதிக்கு உயிர் கொடுப்பவை அவற்றிலிருந்து உள்ளே ஊடுருவும் நுண்தமனிகள். 1870-களில் பாரிஸில் ஆன்ரி டியூரே இவற்றைத் தேடிப் பின்தொடர்ந்தார். 1925-இல் அதே பிரெஞ்சு நாட்டின் ஷார்ல் ஃபுவாவும் பியர் இல்மானும் அவற்றில் ஓர் ஒழுங்கைக் கண்டு மூன்று வகையாகப் பிரித்தனர். தாய்த்தமனியிலிருந்து நேரே உள்ளே புகுந்து நடுக்கோட்டின் இரு மருங்கையும் நனைப்பவை முதல் வகை. சிறிது தூரம் சுற்றிப் பக்கப்பகுதியில் நுழைபவை இரண்டாம் வகை. தண்டை முழுவதும் சுற்றிப் பின்புறத்தையும் சிறுமூளையையும் அடையும் நீண்ட கிளைகள் மூன்றாம் வகை. முகுளமாயினும் பான்ஸாயினும் நடுமூளையாயினும் இந்த ஒழுங்கு மாறுவதில்லை.

சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணை நீரைத் திருப்பிப் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டையும், ஏரி மதகிலிருந்து கழனிகளுக்குக் கன்னி வாய்க்கால்கள் பிரியும் முறையையும் அறிந்த விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. வாய்க்காலை ஒட்டிய கழனிக்கு நேர் மடை. சற்றுத் தள்ளியதற்குக் குறுகிய கிளை. ஊரைச் சுற்றிப் போக வேண்டிய கழனிக்கு நீண்ட கிளை. ஒரு வேற்றுமையை மட்டும் அவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மடை தூர்ந்துபோனால் பக்கத்துக் கழனிக்காரர் வரப்பை வெட்டித் தண்ணீர் விடுவார். மூளைத்தண்டுக்குள் அந்த உபகாரத்துக்கு இடமில்லை. ஊடுருவும் நுண்தமனி ஒவ்வொன்றும் தனக்குரிய கடைமடையோடு முடிகிறது. பக்கத்துத் தமனியோடு அது உள்ளே பெரும்பாலும் சேர்வதில்லை. அது அடைபட்டால் அதற்குரிய இடம் சில நிமிஷங்களில் செயலிழந்து, மணிக்கணக்கில் மாண்டுபோகிறது.

ஃபுவாவும் டியூரேயும் ஆராய்ந்த தேசத்தின் வைத்தியக் கல்வி நம் மண்ணுக்கும் புதிதன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி, ஆட்சி மாறியபின் 1956-இல் தன்வந்தரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் ஜிப்மர் ஆகி, இன்று கோரிமேட்டில் நிற்கிறது. இது போன்ற கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள், இறந்தபின் தேகத்தைத் தானமாகக் கொடுத்தவர்களின் மூளையைக் கையில் ஏந்தி, அதன் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து, மெல்லிய உறையை இடுக்கியால் பொறுமையாக உரித்தெடுக்கும்போது, பான்ஸின் நடுப்பள்ளத்தில் படிந்த அடித்தமனியைக் காண்கிறார்கள். வயது முதிர்ந்தவர்களின் தமனியில் சுவர் ஆங்காங்கே மஞ்சளாகத் தடித்து, விரலால் அழுத்தினால் கெட்டியாகத் தட்டுப்படும். சிலரிடம் தமனி தன் நேர்க்கோட்டை இழந்து ஒரு பக்கமாக வளைந்து கிடக்கும். ரத்தக்கொதிப்பும் நீரிழிவும் புகையிலையும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் அந்தச் சுவரின்மேல் எழுதிய சரித்திரம் அது. அதிலிருந்து புறப்பட்டுப் பான்ஸுக்குள் மறையும் நுண்தமனிகளோ, ஒரு மில்லிமீட்டரில் பாதியும் அதற்குக் குறைவுமான குறுக்களவு கொண்டவை. கவனக்குறைவாக இழுத்தால் அறுந்துவிடும்.

அறிகுறிகள் இடத்தைச் சொல்லும் விதம்

இந்த ஒழுங்கினால் விளைந்த பெரிய பிரயோஜனம் யாதெனில், நோயாளியின் குறைகளைக் கொண்டே அடைபட்ட இடத்தை வைத்தியர் சொல்லிவிட முடிகிறது. ஸ்கேன் கருவி எதுவும் இல்லாத 1895-இல், டான்சிக் நகரத்து வைத்தியர் அடால்ஃப் வாலன்பெர்க் தம்மிடம் வந்த 38 வயது நோயாளி ஒருவரைப் பரிசோதித்து, முகுளத்தின் பக்கவாட்டில், பைக்காத் தமனியின் எல்லைக்குள்தான் கேடு நேர்ந்திருக்க வேண்டும் என்று எழுதினார். சில ஆண்டுகளுக்குப்பின் அந்நோயாளி இறந்தபோது மூளையை ஆராய்ந்து, தாம் சொன்ன இடம் சரியே என்று கண்டு 1901-இல் வெளியிட்டார். அவர் பெயராலேயே வழங்கும் அந்த நோய்க்கு, பைக்காவைவிட அதன் தாயான முள்ளெலும்புத் தமனியின் அடைப்பே பெரும்பாலும் காரணம் என்பதை 1961-இல் மில்லர் ஃபிஷரும் அவரோடு உழைத்தவர்களும் காட்டினார்கள்.

குருவிநத்தத்துத் திண்ணையில் படுத்த பெரியவருக்கு வந்தது இந்த நோய்தான் என்று கொள்வோம். மருத்துவமனையில் வைத்தியர் அவரை வாய் திறந்து ஆ என்று சொல்லச் சொல்கிறார். அண்ணத்தின் ஒரு பாதி உயர்கிறது, மறுபாதி அசையாமல் தொங்க, உள்நாக்கு நல்ல பக்கமாக இழுபடுகிறது. குரல் கம்மியிருக்கிறது. ஒரு கண்ணின் இமை லேசாகச் சரிந்து, அதே கண்ணின் கருவிழி சிறுத்திருக்கிறது. குளிர்ந்த உலோகத்தை அந்தப் பக்கத்துக் கன்னத்தில் வைத்தால் அவருக்குக் குளிர்ச்சி தெரியவில்லை; மறுபக்கத்துக் கையில் வைத்தாலும் தெரியவில்லை. கைகால்களில் பலம் குறையவில்லை. ஆனால் எழுந்து நின்றால் நோயுள்ள பக்கமாகவே விழுகிறார்.

ஒரு பக்க முகத்திலும் எதிர்ப்பக்க தேகத்திலும் ஒரே சமயத்தில் உணர்ச்சி போவதற்குக் காரணம் நரம்புகளின் பாதையில் இருக்கிறது. தேகத்திலிருந்து வலியையும் சூட்டையும் குளிர்ச்சியையும் கொண்டுவரும் நரம்புகள் தண்டுவடத்திலேயே எதிர்ப்பக்கம் தாண்டிவிட்டுத்தான் மேலே வருகின்றன. முகத்திலிருந்து அதே உணர்ச்சிகளைக் கொண்டுவருபவையோ தாண்டுவதற்குமுன் தம் பக்கத்திலேயே முகுளத்துக்குள் இறங்குகின்றன. முகுளத்தின் பக்கவாட்டில் இரண்டும் அருகருகே வந்துசேர, ஒரே தமனி இரண்டுக்கும் ரத்தம் ஊட்டுவதால், ஓர் அடைப்பு இரண்டையும் கெடுக்கிறது. விழுங்குவதற்கும் குரலுக்கும் உரிய நரம்பணுக்களும் அங்கேயே இருப்பதால் தொண்டையும் கெடுகிறது. கைகால்களுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்புக்கற்றை முகுளத்தின் நடுவில், வேறு தமனியின் எல்லையில் இருப்பதால் அது தப்பிக்கிறது. கைகால் விழவில்லையே என்று வீட்டார் ஆறுதலடையும் காரணமும், அந்த ஆறுதல் பொய்யாகும் காரணமும் இதுவே.

முகுளத்தில் சொன்ன இந்த நியாயம் மற்ற பாகங்களுக்கும் பொருந்தும். 1863-இல் லண்டனில் ஹெர்மன் வெபர் விவரித்த நோயில், நடுமூளையின் முன்பகுதி கெட்டு, ஒரு பக்கத்துக் கண்ணிமை விழ, எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் விழுந்தன. பான்ஸில் கேடு வந்தாலோ ஒரு பக்க முகமும் எதிர்ப்பக்கக் கைகால்களும் செயலிழக்கும். ஒரு பக்கத் தலை நரம்பும் எதிர்ப்பக்க தேகமும் சேர்ந்து பாதிக்கப்பட்டால் கேடு மூளைத்தண்டில் என்பது நரம்பியல் வைத்தியர்கள் முதலில் கற்கும் பாடம்.

உணர்வு இருந்தும் அசைவின்றி

கிளைகள் அடைபடுவதற்கும் அடித்தமனியே அடைபடுவதற்கும் வித்தியாசம் மிகப் பெரிது. பான்ஸின் முன்பகுதி இருபுறமும் ரத்தமின்றிப் போனால், கழுத்துக்குக் கீழே ஓர் அசைவும் இல்லை. பேச்சில்லை, விழுங்க முடியாது, கண்களைப் பக்கவாட்டில் திருப்பவும் முடியாது. ஆனால் விழிப்புக்குரிய நரம்பு வலை பான்ஸின் பின்பகுதியிலும் நடுமூளையிலும் இருப்பதால் மனம் முழு விழிப்போடிருக்கும்; பார்க்கிறார், கேட்கிறார், சிந்திக்கிறார். கண்களை மேலும் கீழும் அசைப்பதற்கும் இமையைத் தூக்குவதற்கும் உரிய இடங்கள் நடுமூளையில் தப்பியிருப்பதால், அவை மட்டும் அவர் வசம் இருக்கும். 1966-இல் அமெரிக்க நிபுணர்கள் பிளம்மும் போஸ்னரும் இந்நிலைக்குப் பெயர் சூட்டினார்கள். பிரெஞ்சுப் பத்திரிகாசிரியர் ழான் தொமினிக் போபி 1995 டிசம்பரில் இந்நிலைக்கு ஆளாகி, இடக்கண் இமையை மட்டும் அசைத்து, எழுத்தெழுத்தாகச் சொல்லி ஒரு நூலையே இயற்றினார். 1997-இல் அது வெளியான சில தினங்களில் அவர் காலமானார். அசைவற்றுக் கிடப்பவர் முன்னிலையில், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிக்கொண்டு நம்பிக்கையற்ற வார்த்தைகளைப் பேசுவது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை அந்த நூல் உலகுக்கு உணர்த்தியது. கண்ணை மேலே பார், கீழே பார் என்று ஒருமுறை சொல்லிப் பார்ப்பது எவரும் செய்யக்கூடிய பரிசோதனை.

இதற்கு முற்றிலும் வேறானது மூளைத்தண்டு மரணம். 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் நம் தேசம் மரணத்தின் இலக்கணங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது இந்தச் சிறு தண்டின் முடிவையே. கருவிழி ஒளிக்குச் சுருங்காமலும், தொண்டையைத் தொட்டால் இருமல் வராமலும், சுவாசக் கருவியை நிறுத்திப் பார்த்தால் தானாக ஒரு மூச்சும் எழாமலும் இருக்கின்றனவா என்று நான்கு வைத்தியர் கொண்ட குழு பரிசோதித்து, ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் பரிசோதித்த பின்னரே அந்த முடிவு அறிவிக்கப்படுகிறது. கட்டுவிரியன் விஷம் நரம்புக்கும் தசைக்கும் இடையிலுள்ள தொடர்பை முடக்கி, இமையும் கருவிழியும் மூச்சும் அற்ற நிலையை உண்டாக்கி, மூளைத்தண்டு மரணத்தின் தோற்றத்தைக் காட்டிவிடக்கூடும்; அத்தகையவர்கள் சில நாள் சுவாசக் கருவியின் துணையோடு பிழைத்தெழுந்ததும் உண்டு. ஆகையால் நெல்லும் கரும்பும் விளையும் ஊர்களிலிருந்து வரும் நோயாளியிடம் பாம்புக்கடி இல்லையென்று உறுதி செய்துகொள்வது அந்தப் பரிசோதனையின் இன்றியமையாத அங்கம். அவ்வாறு உறுதியான மரணத்துக்குப்பின் உறுப்புகளைக் கொடுத்துப் பிறர் உயிரைக் காப்பவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெறும் என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. தகுதியுள்ள மரியாதை அது.

வந்த வழியே மருந்து

அடித்தமனியின் அடைப்பு ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஏறக்குறைய மரண தண்டனையாகவே கருதப்பட்டது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்தைச் சிரையில் ஏற்றலாம். பெரிய தமனி அடைபட்டிருந்தால், தொடையின் தமனியில் மெல்லிய குழாயைச் செலுத்தி, மகாதமனி, தோள் தமனி, முள்ளெலும்புத் தமனி, அடித்தமனி என்று மேலே விவரித்த அதே பாதையில் கொண்டுபோய், அடைப்பை இழுத்து வெளியே எடுத்துவிடலாம். சீனாவில் நடந்து 2022-இல் வெளியான இரண்டு ஆராய்ச்சிகள், அடித்தமனி அடைபட்டவர்களில் இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிகமாகத் தேறினார்கள் என்று நிரூபித்தன. ஒன்றில் பன்னிரண்டு மணி நேரம் வரையிலும் மற்றொன்றில் இருபத்துநாலு மணி நேரம் வரையிலும் சிகிச்சை அளிக்கப்பட்டது. அந்தக் கால எல்லை, தாமதிக்கலாம் என்பதற்குச் சலுகை அன்று. கழியும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் நரம்பணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போகிறது.

ஆகையால் கிராமத்தார் மனத்தில் பதிய வேண்டியவை சில. தலைசுற்றல் திடீரென்று வந்து, அதனோடு பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிதல், பேச்சுக் குழறல், விழுங்கும்போது புரையேறுதல், முகத்திலோ கையிலோ மரத்துப்போதல், பிடிமானமின்றி நிற்க முடியாமை, ஒரு காது அடைத்துப்போதல், மயங்கும் தூக்கம் ஆகிய ஏதேனும் ஒன்று சேர்ந்திருந்தால், அது பித்தம் என்று காத்திருக்கலாகாது. விழுங்கும் சக்தி இருக்கிறதா என்று வைத்தியர் பார்க்கும்வரை எலுமிச்சை ரசமோ கஷாயமோ தண்ணீரோ கொடுக்கலாகாது. தொண்டை செயலிழந்தவருக்கு வாயில் ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். வீட்டிலிருக்கும் பிரஷர் மாத்திரையை அவசரமாகக் கூடுதலாகக் கொடுப்பதும் கெடுதலே. அடைப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ளுவதற்கு அந்த அழுத்தம் அப்போது தேவைப்படுகிறது. அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, 108-ஐ அழைத்து, ஸ்கேனும் நரம்பியல் வைத்தியரும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேரே போக வேண்டும். குருவிநத்தத்திலிருந்து கோரிமேட்டுக்கு இருபது கிலோமீட்டருக்கும் மேலான தூரம். எந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை எந்நேரமும் கிடைக்கும் என்பதை ஆபத்து வருமுன்னரே விசாரித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். தொடக்கத்தில் எடுக்கும் சாதாரண சி.டி. ஸ்கேனில் மூளைத்தண்டின் அடைப்புப் பல சமயம் தெரிவதில்லை. அதில் ஒன்றுமில்லை என்ற ஒரு வார்த்தையைக் கேட்டு, அறிகுறிகள் நீங்காதவரைத் திரும்ப அழைத்துவந்துவிடலாகாது.

இத்தனை சாதனைகளுக்குப் பிறகும் ஓர் எல்லை இருக்கிறது. பெரிய தமனிகளுக்குள் குழாயைச் செலுத்தும் கைகள் உண்டு. பான்ஸுக்குள்ளும் முகுளத்துக்குள்ளும் புகும் நுண்தமனிகளுக்குள் செலுத்தத்தக்க கருவி எதுவும் இல்லை. பல ஆண்டுகள் கவனியாது விட்ட ரத்தக்கொதிப்பு முதலில் தாக்குவது அவற்றைத்தான். சுவர் தடித்து அவை அடைபடுவதும், வெடித்துப் பான்ஸுக்குள் ரத்தம் கொட்டுவதும் அதன் இரண்டு முடிவுகள். எந்த நிபுணரும் எட்ட முடியாத அந்தத் தமனிகளை எட்டக்கூடியது, ஊர்ச் சுகாதார நிலையத்தில் அளந்து பார்க்கும் ரத்த அழுத்தமும், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்திவிடாமல் நாள்தோறும் விழுங்கும் மாத்திரையும், குறைத்துக்கொண்ட உப்பும், கைவிட்ட புகையிலையுமே. மூளைத்தண்டின் மிக நுட்பமான பாகத்துக்குரிய வைத்தியம் மிக எளியவர்களின் வீட்டிலும் செய்யத்தக்கதாக இருக்கிறதென்றால், அதைச் செய்யாதிருப்பதற்கு நமக்கு நியாயம் ஏதுமில்லை.